கதியா, வேகமா? தமிழில் விஞ்ஞானம் விளங்கப்படுத்திய கதை

ஏ.எல் பௌதிகவியல் படிக்கிற எங்கட பிள்ளைகள் பலர் இரவில் யூடியூப்பில் தமிழ்ப் பாடம் தேடிப் பார்க்கிறார்கள். கிடைப்பது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பாடம். நல்ல தெளிவாகத்தான் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கே திசை இல்லாதது வேகம், திசை உள்ளது திசைவேகம். எங்கட புத்தகத்தில் திசை இல்லாதது கதி, திசை உள்ளதுதான் வேகம். ஒரே சொல் கடலுக்கு அந்தப்பக்கம் ஒன்று, இந்தப்பக்கம் இன்னொன்று. அவர்களுடைய ஆற்றல் எங்களுக்குச் சக்தி. அவர்களுடைய திறன் எங்களுக்கு வலு. முடுக்கம் ஆர்முடுகல். செல் கலம். ஒளிச்சேர்க்கை ஒளித்தொகுப்பு.

இது பெரிய பிரச்சினை இல்லை. ஒரு கிழமை பார்த்தால் பழகிவிடும். பிரச்சினை அதுக்கு அடியில் இருக்கிறது. "கதிக்கும் வேகத்துக்கும் என்ன வித்தியாசம்?" என்று வகுப்பில் கேட்டால், "கதி எண்ணிக்கணியம், வேகம் காவிக்கணியம்" என்று எல்லாரும் ஒரே மூச்சில் சொல்லுவார்கள். சரியான விடை, புள்ளி கிடைக்கும். அடுத்ததாக, "மைதானத்தை ஒரு சுற்று ஓடி, தொடங்கின இடத்துக்கே வந்து நிக்கிறாய். உன்ர சராசரி வேகம் எவ்வளவு?" என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இளைக்க இளைக்க ஓடினவனுடைய சராசரி வேகம் பூச்சியம் என்று சொல்லுவதற்கு மனம் வராது. சொல் தெரிந்திருக்கிறது, பொருள் வந்து சேரவில்லை.

சொல் முதலா விளக்கம் முதலா என்ற இந்த இழுபறிக்கு எங்கட மண்ணில் கிட்டத்தட்ட 200 வருஷ வயசு.

1823இல் அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் ஒரு செமினரி தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். வானியலும், அன்றைக்கு இயற்கைத் தத்துவம் என்று சொல்லப்பட்ட பௌதிகமும் அங்கே பாடங்கள். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. பஞ்சாங்கம் கணித்த விசுவநாத சாஸ்திரியார் ஒரு நேரம் சொன்னார். பூவர் தன் கணக்குப்படி இன்னொரு நேரம் சொன்னார். எவ்வளவு மறையும் என்பதிலும் இரண்டு கணக்கும் பொருந்தவில்லை. ஊர் கூடிப் பார்த்தது. வானம் பூவரின் கணக்குப்படி நடந்தது. மிஷனரிமார் இந்தக் கதையைத் தங்கள் வெற்றியாகப் பல காலம் எழுதினார்கள். கணக்குத் தோற்றால் சமயமும் தோற்றது என்பது அவர்களுடைய வாதம்.

வெல்லுறது வேற, விளங்கப்படுத்துறது வேற. சாஸ்திரியாரிடம் இருந்ததும் கணக்குத்தான். தலைமுறை தலைமுறையாக வந்த வாக்கியங்களை வைத்துக் கிரகணத்தை முன்கூட்டியே சொல்லுவது லேசான வேலை இல்லை. பழைய மாறிலிகளைத் திருத்தாமல் விட்டதால் சின்னச் சின்ன வழு சேர்ந்து நிமிஷக் கணக்கில் வந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னொரு விஷயமும் உண்டு. பௌர்ணமிதோறும் ஏன் கிரகணம் வருவதில்லை? சந்திரன் சுற்றுகிற தளம், பூமி சூரியனைச் சுற்றுகிற தளத்துக்கு ஏறக்குறைய 5 பாகை சரிந்திருக்கிறது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அந்தப் புள்ளிகளுக்குக் கிட்ட பௌர்ணமி விழுந்தால்தான் பூமியின் நிழல் சந்திரனில் படும். எங்கட சோதிடக் கணிதத்தில் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் பெயர் ராகு, கேது. கதையில் பாம்பு, கணக்கில் வெட்டுப்புள்ளி. அன்றைக்கு வட்டுக்கோட்டையில் ஒருவர் பிள்ளைகளுக்கு முன்னால் ராகுவில் இருந்தே பாடத்தைத் தொடங்கியிருந்தால் பாதிப் பாடம் ஏற்கனவே முடிந்திருக்கும்.

செமினரியிலேயே இருந்த ஹொய்சிங்ரன் பிறகு அதைத்தான் செய்தார். இங்குள்ள வானியலைத் தமிழ் நூல்களில் இருந்தே படித்து, அதை ஆங்கிலத்தில் விளக்கி 1848இல் யாழ்ப்பாணத்தில் ஒரு புத்தகம் போட்டார். அதே செமினரியில் படித்த கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். 1841இல் வரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகை தமிழிலும் ஆங்கிலத்திலும் கல்வி, விஞ்ஞானம், பயிர்ச்செய்கை எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. இவை எல்லாம் தொடக்கம். ஆழமாகப் போனவர் மானிப்பாயில் இருந்தார்.

சாமுவேல் பிஸ்க் கிறீன், அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரத்தில் 1822இல் பிறந்த டொக்ரர். 1847இல் இலங்கைக்கு வந்தார். அடுத்த வருஷமே மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்தபடி பெடியளுக்கு மருத்துவம் படிப்பிக்கத் தொடங்கிவிட்டார். கொழும்பில் மருத்துவக் கல்லூரி வந்தது 1870இல். அதற்கு 20 வருஷத்துக்கும் முந்திய கதை இது. இன்றைக்கும் மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை இருக்கிறது.

முதல் வகுப்புகள் ஆங்கிலத்தில்தான் நடந்தன. நன்றாகப் படித்தார்கள். படித்து முடித்தவுடன் பலர் அரச உத்தியோகத்துக்கு, வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள். ஊரில் வாந்திபேதி வந்தால் பார்க்க ஆள் இல்லை. 1857இல் ஊர் திரும்பிய கிறீன் 1862இல் மறுபடி வந்து, 1864 முதல் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். அவருடைய கணக்கு எளிமையானது: தமிழில் படித்தவன் ஊரில் நிற்பான், ஊர்ச்சனத்துக்கு நோயை அவர்களுடைய பாஷையில் சொல்லுவான். தன் மாணவர்கள் மேல்நாட்டு உடுப்புக்கு மாறுவதையும் அவர் விரும்பவில்லை. வேட்டியோடேயே வைத்தியம் பார்க்கலாம் என்பது அவருடைய நிலை. மொத்தமாக 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் படித்து வெளியேறினார்கள்.

படிப்பிக்கப் புத்தகம் வேண்டுமே. கட்டர் எழுதிய உடலியல் நூல் 1850களில் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என்ற பெயரில் தமிழில் வந்தது. அதாவது உடலின் அமைப்பு, உடலின் தொழில், உடலைப் பேணுதல். பிறகு சத்திரசிகிச்சைக்கு 'இரணவைத்தியம்', கிரேயின் பெரிய உடற்கூற்று நூலுக்கு 'மனுஷ அங்காதிபாதம்', இரசாயனத்துக்கு 1875இல் 'கெமிஸ்தம்'. மொழிபெயர்ப்பை மாணவர்களும் சேர்ந்துதான் செய்தார்கள். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேணும். ஒரு பந்தியைத் தமிழில் எழுதுகிற மாணவன் அதை விளங்காமல் எழுத முடியாது. மொழிபெயர்ப்பே அங்கே பரீட்சை.

சொல்லுக்குக் கிறீன் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதலில் தமிழில் தேடு. இல்லாவிட்டால் சமஸ்கிருதத்தில் தேடு. அங்கேயும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் போடு. 'அங்காதிபாதம்' என்பதைக் கேட்டவுடன் பாதாதிகேசம் கேட்டுப் பழகின காதுக்கு ஏதோ தெரிந்த விஷயம் மாதிரி இருக்கும். 'கெமிஸ்தம்' மூன்றாம் வழி. தூய தமிழ்க்காரர் கேட்டால் சிரிப்பார்கள். கிறீனுக்கு அந்த வெட்கம் இருக்கவில்லை. வகுப்பு நடக்கவேணும், நாளைக்கு நோயாளி வருவான்.

அந்தச் சொற்களில் அனேகமானவை செத்துப்போச்சு. சுகரணம் என்று இன்றைக்கு ஆரும் சொல்லுவதில்லை, உடற்றொழிலியல் என்கிறோம். கெமிஸ்தம் இரசாயனவியல் ஆகிவிட்டது. சொல் செத்ததால் அந்த வகுப்புகள் தோற்றுப்போயின என்று சொல்ல எங்களால் முடியவில்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் எலும்பையும் நரம்பையும் விளங்கிக்கொண்டார்கள். பாலத்தைக் கடந்த பிறகு பாலம் விழுந்தால் கடந்தவனுக்கு என்ன நட்டம்? கிறீன் 1873இல் வூஸ்ரருக்குத் திரும்பிய பிறகும் தமிழ்ப் புத்தக வேலையை விடவில்லை. 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. அடுத்த வருஷம் அவர் இறந்தார்.

கிறீனைப் புனிதர் ஆக்குவது எங்கட நோக்கம் இல்லை. அவர் மிஷனரி. மதம் பரப்புவதும் அவருடைய வேலைதான், அதை அவர் மறைக்கவும் இல்லை. அவருடைய மருத்துவ வகுப்பில் இருந்தவர்கள் ஆண்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கலாம் என்ற சமஆசனம் 1930ஐ ஒட்டித்தான் வந்தது, அதற்கும் பள்ளிக்கூடங்களை எரித்த ஊர் எங்கட ஊர். மலையகத்தில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்தான். தமிழில் விஞ்ஞானம் என்று பெருமையாகப் பேசும்போது, எந்தத் தமிழருக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்கவேண்டி இருக்கிறது.

இனி சொற்களுக்கு வருவோம். 1945இல் இலவசக் கல்வியோடு தாய்மொழி மூலக் கல்வியும் ஆரம்ப வகுப்புகளில் இருந்து மேலே ஏறத் தொடங்கியது. அது உயர் வகுப்பு விஞ்ஞானத்தை எட்டும்போது ஆயிரக்கணக்கில் சொல் தேவைப்பட்டது. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறை துறையாகக் கலைச்சொற் தொகுதிகள் வெளியிட்டது. சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே காலம். ஒரு கையால் தமிழைத் தள்ளின அரசாங்கம் மறு கையால் தமிழுக்கு ஆர்முடுகல் என்ற சொல்லைக் கொடுத்தது. அந்த அறைகளில் இருந்து வேலை செய்த தமிழ் அறிஞர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் அடிக்கடி யோசிப்பதுண்டு.

அந்தக் காலத்தில் தமிழ்நாட்டிலும் பௌதிகம், ரசாயனம் என்றுதான் எழுதினார்கள். அங்கே பிறகு வடசொல்லைக் கழித்து இயற்பியல், வேதியியல் என்று மாற்றினார்கள். நாங்கள் பழையதை வைத்திருந்தோம். ஆனால் கலச் சொற்களில் நிலைமை தலைகீழ். அவர்கள் மைட்டோகாண்ட்ரியா, குரோமோசோம் என்று அப்படியே எடுத்துக்கொள்ள, நாங்கள் இழைமணி, நிறமூர்த்தம் என்று தமிழாக்கினோம். எது சரி என்று அடிபடுவதில் எங்களுக்கு அக்கறை குறைவு. இழைமணி நல்ல சொல், நூல் மாதிரியும் மணி மாதிரியும் இருப்பது என்று படம் வந்துவிடும். கலமும் நல்ல சொல். ரொபேட் ஹூக் 1665இல் தக்கைத் துண்டை நுணுக்குக்காட்டியில் பார்த்து, சின்னச் சின்ன அறைகளாகத் தெரிந்ததால் அறை என்ற பொருளில் பெயர் வைத்தார். அவர் பார்த்தது உயிர் போன வெறும் சுவர்களை. தமிழ்ச் சொல் பாத்திரம் என்கிறது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று எங்களைத் தேடவைக்கிறது. ஹூக் வைத்த பெயரை விட இது ஒருபடி மேல் என்பது எங்கட கட்சி. ஆனால் இந்த இரண்டு வரியை எந்த வகுப்பில் சொல்லுகிறார்கள்? ஆர்முடுகலில் உள்ள 'முடுகு' வேகமாய்ப் போவது, சந்தப்பாட்டில் வேகம் எடுக்கிற பகுதிக்கும் முடுகு என்றுதான் பெயர். சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு அது அர்த்தமில்லாத அஞ்சாறு எழுத்து. பாடமாக்கவேண்டியதுதான்.

கொடுமை என்னவென்றால், புத்தகத்துக்கு வெளியில் எங்கட ஆக்கள் பௌதிகத்தைக் கையாலும் காலாலும் செய்துகொண்டிருந்தார்கள். துலாவைப் பாருங்கள். துலா மிதிக்கிறவர் மரத்தின் மேல் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தாழும், திரும்பி மற்றப் பக்கம் நடந்தால் மேலே வரும். அவருடைய நிறை மாறவில்லை, அச்சில் இருந்து அவர் நிற்கிற தூரம்தான் மாறுகிறது. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வருவது திருப்பம் என்று புத்தகம் சொல்லுவதை அவர் ஒவ்வொரு காலடியிலும் நிரூபித்தார்.

1990க்குப் பிறகு சில வருஷம் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் இருந்து வயர் எடுத்து ரேடியோ கேட்டார்கள். டைனமோவுக்குள் காந்தம் சுழல்கிறது, சுருளுக்குள்ளால் போகிற காந்தப்பாயம் மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் மின் பிறக்கிறது. பரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல் இதுதான். வேகமாகச் சுத்தினால் சத்தம் கூடும், மெதுவாக்கினால் சத்தம் குறையும், ஏனென்றால் பிறக்கிற மின்னின் அளவு பாயம் மாறுகிற வீதத்தில் தங்கியிருக்கிறது. வருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே நடுவில் இருவாயி போட்டார்கள். ரேடியோவைப் போட்டவுடன் பெடல் இறுகும். அதுவும் பாடத்தில் இருக்கிறது, லென்சின் விதி. தூண்டப்பட்ட ஓட்டம் தன்னைப் பிறப்பித்த மாற்றத்தையே எதிர்க்கும். மின் சும்மா வராது, உன்ர கை கொடுக்கிற வேலைதான் பாட்டாக வருகிறது. அந்த இறுக்கத்தைக் கையில் உணர்ந்த பிள்ளைக்கு விதியைப் பாடமாக்கவேண்டிய தேவை இல்லை. ஆனால் அதே பிள்ளை அடுத்த நாள் ரியூசனில் போய் இருந்து, சைக்கிள் என்ற சொல்லே வராத ஒரு நோட்ஸை வசனம் வசனமாக எழுதியெடுத்தது. இரண்டையும் இணைத்துச் சொன்ன ஆசிரியர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள், அவர்களிடம் படித்தவர்கள் இன்றைக்கும் நன்றியோடு சொல்லுவார்கள்.

இப்போது விவாதம் மறுபடி மொழிப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் இருந்து ஏ.எல் விஞ்ஞானத்தை ஆங்கிலத்திலும் படிக்கலாம். மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலம்தானே, பிறகு ஏன் பிள்ளையைத் தமிழில் போட்டு இரண்டு தரம் கஷ்டப்படுத்துவான் என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1864க்கு முந்திய மானிப்பாய் மாணவனின் அப்பாவும் கிட்டத்தட்ட இதைத்தான் கேட்டிருப்பார், உத்தியோகம் ஆங்கிலத்தில் இருந்தது. கம்பஸ் போனவர்களைக் கேட்டுப் பார்த்ததில் எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவு: பிரசாரணம் என்றால் என்ன என்று விளங்கிப் போனவருக்கு அதன் ஆங்கிலப் பெயரைப் பிடிக்க ஒரு நாள் போதும். பாஸ்ட் பேப்பரையும் மார்க்கிங் ஸ்கீமையும் மட்டும் பாடமாக்கிப் போனவர் ஆங்கிலத்தில் மறுபடி பாடமாக்கவேண்டி வந்தது. ஆங்கிலத்தில் படித்துப் போனவர்களுக்குள்ளும் இதே இரண்டு கூட்டம் இருந்தது.

உயிரியலுக்கு ஒரு உதாரணம் தந்துவிட்டுப் போகிறோம், கையில் ஒரு கத்தி இருந்தால் போதும். பனை நுங்கு என்பது இன்னும் இறுகாத வித்தகவிழையம், குழந்தைத் தாவரத்துக்கான சாப்பாடு. முற்றினால் அதுவே கல்லு மாதிரி இறுகிவிடும். பனங்கொட்டையைப் பாத்தி போட்டு, முளைத்த பிறகு பிளந்து பாருங்கள். உள்ளே பஞ்சு மாதிரி, இனிப்பாக இருக்கிற பூரான், வித்திலையின் ஒரு பகுதி. இறுகின சாப்பாட்டைக் கரைத்து உறிஞ்சி முளைக்கு அனுப்புவது அதுதான். நுங்கில் இருந்து பூரான் வரைக்கும், பூரானில் இருந்து கிழங்கு வரைக்கும் உணவு எப்படி இடம் மாறுகிறது என்பதை ஒரு பிள்ளை சாப்பிட்டபடியே படிக்கலாம். முளைத்தல் பாடத்தில் பெரும்பாலும் இருப்பது போஞ்சி விதையின் படம்.